கோல்ஃபுக்கு வாசல் எந்தப் பக்கம்?

கோல்ஃப் என்றதும் உங்கள் மனசுக்குள் யார் வருகிறார்? உண்மையைச் சொல்லுங்க... தமிழ் சினிமா வில்லன்தானே! பச்சைப் புல்வெளி, வெள்ளை பேன்ட், தலையில் தொப்பி, பின்னால் பை தூக்க ஒரு ஆள். ஒரு கையில் மட்டை, இன்னொரு கையில் செல்போன். 'அவனை முடிச்சிடு' என்று சொல்லிவிட்டுப் பந்தை 'டங்'கென்று அடிப்பார். நம்ம ஹீரோ? அவர் தெருவில் பசங்களோடு கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்.

அந்த சீனில் நாம் கவனிக்காமல் விட்ட ஒருத்தர் இருக்கிறார். பின்னால் பை தூக்கிக்கொண்டு நிற்கிறாரே, அவர். அவருக்குப் பெயர் கேடி. இந்திய கோல்ஃபின் மறக்க முடியாத சில வெற்றிகளை வாங்கிக் கொடுத்தது அந்தப் பை தூக்கிய ஆள்தான் என்றால் நம்புவீங்களா? நம்பித்தான் ஆகணும் மக்களே. கதை அப்படி!

ரெண்டு செட்டிபாளையம்

எனக்கு ஊர் கோபிசெட்டிபாளையம். கொடிவேரி அணை, பாரியூர் கோயில், தடப்பள்ளி வாய்க்கால், மஞ்சள், கரும்பு, நெல்... இதெல்லாம் எங்கள் அடையாளம். சினிமா ஷூட்டிங் நடக்காத வயல்வரப்பே இங்கே கிடையாது. ஆனால் கோல்ஃப் சீன் எடுக்க மட்டும் யாரும் எங்கள் ஊருக்கு வரமாட்டார்கள். அதற்கு இன்னொரு செட்டிபாளையம் போக வேண்டும்.

கோவையில் போத்தனூரைத் தாண்டிப் போனால் வருமே, அந்தச் செட்டிபாளையம். கோயம்புத்தூர் கோல்ஃப் கிளப் அங்கேதான். 18 குழி, பார் 72 என்று முழு அளவு மைதானம். 2024இல் தொழில்முறை வீரர்கள் ஆடும் பி.ஜி.டி.ஐ. தொடரின் 'கோயம்புத்தூர் ஓப்பன்' கூட இங்கே நடந்தது.

கோபியிலிருந்து அங்கே போக ரெண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ் பயணம். ஆனால் உண்மையான தூரம் அது இல்லை. அந்த மைதானத்துச் சுவரை ஒட்டியே வீடு இருக்கிற ஒருத்தரிடம், "கோல்ஃப் ஆடியிருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். 'அதெல்லாம் பெரிய வூட்டு ஆளுங்க வெளாட்டுங்க' என்கிற மாதிரிதான் பதில் வரும். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற தூரம், கோபிக்கும் கோவைக்கும் இருப்பதைவிட அதிகம்!

அந்தத் தூரத்தைத் தாண்டினவர்கள் உண்டா? உண்டு. அதைச் சொல்வதற்கு முன்னால், ஆட்டம் தெரியாதவர்களுக்கு ஒரு குட்டிப் பாடம்.

ஒரு நிமிஷத்தில் கோல்ஃப்

ரூல்ஸ் ரொம்ப சிம்பிள். ஒரு பந்து. தூரத்தில் ஒரு குழி. குறைந்த அடிகளில் பந்தைக் குழிக்குள் தள்ள வேண்டும். இப்படி 18 குழிகள். ஒவ்வொரு குழிக்கும் 'இத்தனை அடியில் முடிக்கணும்' என்று ஒரு கணக்கு உண்டு. அதுதான் 'பார்'. அதைவிட ஒன்று குறைந்தால் 'பேர்டி', ரெண்டு குறைந்தால் 'ஈகிள்', ஒன்று கூடினால் 'போகி'. குழியின் அகலம் 108 மில்லிமீட்டர். பந்தின் எடை அதிகபட்சம் 45.93 கிராம். அதாவது கிரிக்கெட் பந்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

18 குழியும் ஆடி முடிக்க சுமார் 4 மணி நேரம், 8 கிலோமீட்டருக்குக் குறையாத நடை. 'சும்மா நிக்கிற விளையாட்டு' என்று யாராவது சொன்னால், அவர்கள் தோளில் பையை மாட்டிவிட்டு நடக்கச் சொல்லுங்கள்!

அப்புறம், பந்து மேல் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் இருக்கிறதே, அது அழகுக்கு இல்லை. மெக்கானிக்கல் பசங்களுக்கு இது செம தீனி. வழவழப்பான பந்து காற்றில் போகும்போது அதன் பின்னால் பெரிய வெற்றிடச் சுழல் உருவாகி, பந்தைப் பின்னால் இழுக்கும். மேலே சின்னச் சின்னக் குழிகள் இருந்தால், பந்தை ஒட்டிப் போகிற காற்று லேசாகக் கலங்கி, பந்தின் முதுகுப்பக்கம் வரை ஒட்டிக்கொண்டே போகும். பின்னிழுப்பு குறைந்துவிடும். குழியில்லாத பந்தைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தூரம் போகக் காரணம் இதுதான். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் 'பவுண்டரி லேயர்' என்று மனப்பாடம் பண்ணுகிறோமே, அதேதான் பாஸ்! இதை முதலில் கண்டுபிடித்தது எந்த சயின்டிஸ்டும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில், அடிபட்டுக் கீறல் விழுந்த பழைய பந்து புதுப் பந்தைவிட நன்றாகப் பறக்கிறது என்று ஆடினவர்களே கவனித்ததில் தொடங்கியது.

இன்னொரு சூப்பர் விஷயம், 'ஹேண்டிகேப்'. நம்ம யுனிவர்சிட்டி கிரேஸ் மார்க் மாதிரி. புதுசாக ஆடுகிறவருக்கு 54 வரை கொடுப்பார்கள். உங்கள் ஹேண்டிகேப் 30, உங்கள் புரொஃபசருக்கு 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 102 அடித்தால் கணக்கில் 72. அவர் 83 அடித்தால் கணக்கில் 73. ஜெயித்தது நீங்கள்! கத்துக்குட்டியும் கில்லாடியும் ஒரே களத்தில் மோத இவ்வளவு நேர்மையான ஏற்பாடு வேறு எத்தனை விளையாட்டில் இருக்கிறது, சொல்லுங்கள்?

பை தூக்கினவர்கள் ஜெயித்த கதை

இனி மெயின் பிக்சர். 'இந்தியன் ஓப்பன்' போட்டி 1964இல் தொடங்கியது. முதல் கோப்பை ஆஸ்திரேலியாவின் பீட்டர் தாம்சனுக்கு. அடுத்த வருஷமே, 1965இல் பி.ஜி.சேத்தி என்கிற இந்தியர் ஜெயித்தார். அவர் அமெச்சூர். கோல்ஃபையே பிழைப்பாக நம்பியிருந்த ஒரு இந்தியத் தொழில்முறை வீரர் அந்தக் கோப்பையைத் தொட 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜெயித்தவர் அலி ஷேர். டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்தவர்! 'ஏதோ லக்கு' என்று சொன்னவர்களுக்காக 1993இல் மறுபடி ஒரு தடவை ஜெயித்துக் காட்டினார்.

அடுத்தவர் கொல்கத்தாக்காரர். ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829இல் தொடங்கியது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே இதைவிடப் பழைய கோல்ஃப் கிளப் கிடையாது. அங்கே புல்லைப் பராமரித்த ஊழியரின் பையன்தான் எஸ்.எஸ்.பி.சௌரேசியா. பெரிய கோச்சிங் எதுவும் இல்லாமல், பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவர். 2008இல் டெல்லியில் நடந்த 'இந்தியன் மாஸ்டர்ஸ்' போட்டியில் உலகப் பெரிய தலைகளைத் தாண்டி ஜெயித்தார். 2016, 2017 என்று தொடர்ந்து ரெண்டு இந்தியன் ஓப்பன். 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் இந்தியாவுக்காக ஆடினார். 1904க்குப் பிறகு கோல்ஃப் ஒலிம்பிக்ஸுக்குத் திரும்பி வந்த வருஷம் அது.

நம் பக்கத்து ஊர் பெங்களூருக்கு வாங்க. கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷன் மைதானத்தில் கேடியாக இருந்த சி.முனியப்பா, 2009 இந்தியன் ஓப்பனில் கொரிய வீரரை ப்ளே-ஆஃபில் வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார். பெங்களூரு-மைசூரு சாலையில் பிடதி பக்கத்தில் ஈகிள்டன் என்று ஒரு கோல்ஃப் மைதானம். அதை ஒட்டிய கிராமத்துப் பையன் எஸ்.சிக்கரங்கப்பா. சின்ன வயசிலேயே கேடி வேலை. இன்று பல பி.ஜி.டி.ஐ. பட்டங்களுக்குச் சொந்தக்காரர்.

இவர்கள் எல்லோருக்கும் பொதுவான விஷயம் என்ன? திறமை, உழைப்பு... அது சரி. அதைவிட முக்கியமாக இன்னொன்று. இவர்களுக்கு மைதானத்துக்குள் போக ஒரு வழி இருந்தது. அதாவது, பின்வாசல்.

இந்தியாவில் பல கோல்ஃப் கிளப்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. உறுப்பினர்கள் வரமாட்டார்கள். அன்றைக்குக் கேடிகள் ஆடிக்கொள்ளலாம் என்று பல இடங்களில் ஒரு வழக்கம் உண்டு. யாரோ கழித்துப்போட்ட பழைய மட்டை, புதருக்குள் தேடி எடுத்த பந்து. வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் ஆட்டத்தைப் பக்கத்தில் நின்று படிப்பது, ஏழாவது நாள் பரீட்சை எழுதுவது. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் திறந்த கதவுக்கே இத்தனை சாம்பியன்கள் என்றால்... ஏழு நாளும் திறந்திருந்தால்?

கொரியாவில் ஒரு 20 வயசுப் பொண்ணு

இந்தக் கேள்விக்குப் பதில் தென்கொரியாவில் இருக்கிறது. 1998 ஜூலையில் அமெரிக்காவின் மகளிர் ஓப்பன் போட்டி. தென்கொரியாவின் பாக் சே-ரி அடித்த பந்து தண்ணீர் ஓரமாகப் போய்ச் சிக்கிக்கொண்டது. ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கி அடித்தார். கோப்பையையும் ஜெயித்தார். அப்போது அவர் வயசு 20. நம்ம வயசு பாஸ்!

அந்தச் சமயம் கொரியா பொருளாதார நெருக்கடியில் துவண்டு கிடந்தது. நாடே அந்த மேட்சைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்து மட்டை எடுத்த சிறுமிகளுக்கு 'சே-ரி கிட்ஸ்' என்றே பெயர் வந்துவிட்டது. அவர்களில் ஒருத்தரான பாக் இன்-பீ, சரியாகப் பத்து வருஷம் கழித்து 2008இல் அதே கோப்பையை 19 வயசில் ஜெயித்தார். 2016 ரியோவில் ஒலிம்பிக் தங்கமும் அவருக்குத்தான். அந்த அணியின் பயிற்சியாளர் யார் தெரியுமா? பாக் சே-ரி!

ஆசை வந்தால் மட்டும் போதாதே, ஆட இடம்? கொரியாக்காரர்கள் அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். கட்டடத்துக்குள் ஒரு ரூம், பெரிய திரை, சென்சார். பந்தைத் திரையை நோக்கி அடித்தால், அது எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் போயிருக்கும் என்று கம்ப்யூட்டர் காட்டும். இதுதான் 'ஸ்க்ரீன் கோல்ஃப்'. ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டாம். ஆபீஸ் முடிந்து நாலு ஃப்ரெண்ட்ஸ் சேர்ந்து போய் ஆடிவிட்டு வரலாம்.

நமக்கும் அப்படி ஒரு விடியற்காலை வந்தது. 2021 ஆகஸ்ட் 7. டோக்கியோ ஒலிம்பிக்ஸில் பெங்களூரு அதிதி அசோக் கடைசி நாள் கடைசிக் குழி வரை பதக்கப் போட்டியில் இருந்தார். உலகத் தரவரிசையில் 200ஆவது இடத்தில் இருந்தவர், ஒரே ஒரு அடியில் பதக்கத்தைத் தவறவிட்டு நான்காவது இடம். போகி என்றால் என்ன, பேர்டி என்றால் என்ன என்றே தெரியாத லட்சக்கணக்கான பேர் டி.வி. முன்னால் நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அவர் வெள்ளி வென்றார். கோல்ஃபில் ஆசியப் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண்.

ஆசை நமக்கும் வந்துவிட்டது. அடுத்த நாள் காலையில் 'நானும் ஆடிப் பார்க்கணும்' என்று நினைத்த கோபிப் பொண்ணு ஒருத்தி எங்கே போயிருப்பாள்? பிரச்னை அங்கேதான்.

பக்கத்திலேயே இருக்கிறது பாடம்

இதற்கு விடை தேடி சியோல் வரைகூடப் போக வேண்டாம். அதே செட்டிபாளையத்திலேயே இருக்கிறது. கோல்ஃப் கிளப் இருக்கிற அதே ஏரியாவில்தான் காரி மோட்டார் ஸ்பீட்வே. கார் ரேஸும் பணக்காரர் விளையாட்டுதானே? ஆனால் அந்த மைதானம் யார் பெயரில் இருக்கிறதோ, அந்த எஸ்.கரிவரதன் என்ன செய்தார் தெரியுமா? 1980களின் கடைசியில் மாருதி 800 கார் எஞ்சினை வைத்தே ஒரு ரேஸ் காரை வடிவமைத்தார். 'ஃபார்முலா மாருதி'. விலை குறைந்தது. ஆட்கள் கூடினார்கள். 1995இல் அவர் விமான விபத்தில் இறந்துபோனாலும் அவர் போட்ட பாதை நிற்கவில்லை. கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார்.

அடுத்து நடந்தது இன்னும் முக்கியம். 2017 முதல் 'ஃபார்முலா பாரத்' என்கிற இன்ஜினீயரிங் மாணவர்கள் போட்டி அதே ட்ராக்கில் நடந்தது. நாடு முழுக்க இருந்து காலேஜ் பசங்க தாங்களே வெல்டிங் வைத்துச் செய்த காரைக் கொண்டுவந்து ஓட்டினார்கள். கையில் கிரீஸோடு ரேஸ் ட்ராக்குக்குள் நுழைகிற மாணவனை யாரும் 'நீ எந்த கிளப் மெம்பர்?' என்று கேட்கவில்லை.

ஒரே ஊர். பணக்கார விளையாட்டு என்று பெயர் எடுத்த ரெண்டு விளையாட்டு. ஒன்று மாணவனுக்கு ஒரு வாசல் வைத்தது. இன்னொன்றுக்கு அந்த வாசல் இன்னும் தேவைப்படுகிறது. கோல்ஃப் நம்ம ஊரில் வளர்வதும் வளராததும் இந்த ஒரு வாசலில்தான் இருக்கிறது என்பது என் கணக்கு.

'நடக்கிற காரியமா?' என்று கேட்டால், நடந்திருக்கிறது. டெல்லியில் டி.டி.ஏ. என்கிற அரசு அமைப்பு நடத்தும் குதுப் கோல்ஃப் மைதானம், உறுப்பினர் அல்லாத யாரும் கட்டணம் கட்டி ஆடக்கூடிய பொது மைதானம். இந்த விளையாட்டின் தாய்வீடான ஸ்காட்லாந்து செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸே பொது மைதானம்தான். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆட்டம் கிடையாது. ஊர் ஜனங்கள் நாய்க்குட்டியோடு நடந்து போவார்கள், குழந்தைகள் ஓடி விளையாடும். உலகின் மிகப் புகழ்பெற்ற கோல்ஃப் மைதானத்தில்!

தண்ணியும் நிலமும்

ஒரு பக்கம் மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நியாயம் இல்லை. கொங்கு மண்டலத்தில் 1,000 அடி போர் போட்டும் புகை மட்டும் வந்த தோட்டங்கள் நமக்குத் தெரியும். 18 குழி மைதானத்துக்கு 100 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். புல் பச்சையாக இருக்கத் தண்ணீர் வேண்டும். 'குடிக்கவே தண்ணி இல்ல, இதுல புல்லுக்கு வேறயா?' என்று ஒரு விவசாயி கேட்டால், அந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. சுத்திகரித்த கழிவுநீர், சொட்டுநீர், தண்ணீர் குறைவாகக் குடிக்கிற புல் வகை என்று இதற்கு வழிகள் உண்டு. சண்டிகரில் சுத்திகரித்த கழிவுநீர்தான் கோல்ஃப் மைதானப் புல்லுக்குப் போகிறது.

நிலம் பற்றி சென்னையில் ஒரு பெரிய பாடம் நடந்தது. 2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸின் 160.86 ஏக்கர் குத்தகையைத் தமிழக அரசு ரத்து செய்தது. பசுமைப் பூங்கா, மழைவெள்ளம் தேங்கக் குளங்கள் என்று திட்டங்கள் வந்தன. வழக்கும் நடந்தது. அந்த ரேஸ் கோர்ஸுக்கு நடுவில்தான் ஜிம்கானா கிளப்பின் பழமையான கோல்ஃப் மைதானம் இருந்தது. யார் பக்கம் நியாயம் என்பதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'எங்க மைதானம் போச்சே' என்று சென்னைத் தெருக்களில் எத்தனை பேர் வருத்தப்பட்டார்கள்? தங்களை ஒருநாளும் உள்ளே விடாத இடத்துக்காக ஊர் ஏன் அழணும்? ஊரோடு ஒட்டாத விளையாட்டுக்கு, நெருக்கடி வரும்போது ஊர் துணைக்கு வராது.

நம்மால் என்ன முடியும்?

மெம்பர்ஷிப் வாங்குகிற வசதி நமக்கு இல்லை. ஓகே. ஆனால் இதெல்லாம் முடியும்...

ஒண்ணு: ஒரு தடவை பந்தை அடித்துப் பாருங்கள். முழு மைதானம் வேண்டாம். 'டிரைவிங் ரேஞ்ச்' என்று பந்தை அடித்துப் பழகும் இடங்களும், ஸ்க்ரீன் கோல்ஃப் ரூம்களும் பெரிய ஊர்களில் உண்டு. மட்டை அங்கேயே கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். முதல் பந்து தரையைத்தான் உழும். கவலைப்படாதீங்க, எல்லோருக்கும் அப்படித்தான்.

ரெண்டு: கும்பலாகக் கேளுங்கள். தனி ஆளாக கேட்டில் போய் நின்றால் வாட்ச்மேன் அண்ணனே திருப்பி அனுப்பிவிடுவார். 20 மாணவர்கள், பி.டி. சார் கையெழுத்தோடு காலேஜ் லெட்டர்ஹெட்டில் 'மாதத்தில் ஒரு திங்கட்கிழமை எங்களுக்குப் பயிற்சி தர முடியுமா?' என்று கேட்டால் அது வேற வெயிட். கற்றுத்தர வெளியூர் கோச்சைத் தேடவும் வேண்டாம். அந்த மைதானத்துக் கேடி அண்ணன்களைவிட அங்கத்தப் புல்லின் குணம் தெரிந்தவர் யார்? அவர்களுக்கும் அது ஒரு வருமானம், ஒரு மரியாதை.

மூணு: உங்கள் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை அங்கே கொண்டுபோங்கள். மண்ணின் ஈரத்தை அளந்து தேவையான இடத்துக்கு மட்டும் தண்ணீர் விடும் சென்சார், செல்போன் கேமராவை வைத்துப் பந்தின் வேகம் சொல்லும் சாஃப்ட்வேர்... விலை உயர்ந்த கருவிகள் செய்கிற வேலையை மலிவாகச் செய்து காட்டினால் எந்தக் கிளப் கதவும் கொஞ்சம் திறக்கும். அக்ரி மக்களே, புல்தரை அமைப்பும் பராமரிப்பும் உங்கள் பாடத்திலேயே இருக்கிறது. கிரிக்கெட் மைதானத்துக்கும் ஃபுட்பால் மைதானத்துக்கும் அந்த ஆட்கள் தேவைதான்.

நாலு: கிளப் நடத்துகிறவர்களே, நீங்களும் யாராவது இதைப் படித்தால்... பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் இருந்து பத்தே பத்து பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். உங்கள் ஸ்டோர் ரூமில் தூசி பிடித்துக் கிடக்கும் பழைய மட்டைகள் போதும். அலி ஷேரும் முனியப்பாவும் சௌரேசியாவும் சுவருக்கு வெளியே இருந்து வந்தவர்கள்தான். அடுத்தவர் செட்டிபாளையத்திலிருந்து வரக் கூடாது என்று ரூல் புக்கில் எங்கேயும் இல்லை.

ஒரு கூடுதல் தகவல். 1457இல் ஸ்காட்லாந்தில் கோல்ஃபுக்குத் தடையே போட்டார்கள். இளவட்டங்கள் வில்வித்தை பழகாமல் இதையே ஆடிக்கொண்டு திரிகிறார்களாம்! 'படிக்காம எப்பப் பாரு வெளாட்டு' என்று நம்ம வீட்டில் விழுகிற திட்டு 550 வருஷத்துக்கு மேல் பழசு என்பது உறுதி. அப்போது இது சாதாரண இளைஞர்களின் ஆட்டமாக இருந்ததால்தானே ராஜாவே பயந்து தடை போட்டார்?

ஸோ, அடுத்த லீவுக்குக் கோவைப் பக்கம் போனால் சினிமாவுக்கும் மாலுக்கும் நடுவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி ஒரு பக்கெட் பந்து அடித்துப் பாருங்கள். பிடிக்காவிட்டால் பரவாயில்லை, கிரிக்கெட் இருக்கவே இருக்கிறது. பிடித்துவிட்டால், உங்கள் பி.டி. சாரிடம் அந்த லெட்டரை எடுத்துக்கொண்டு போங்கள். திங்கட்கிழமைக்கு இன்னும் நாள் இருக்கிறது!